உப்புக்காற்றுக்கு ஈடுகொடுத்த தோசைக்கல்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கும் எங்கள் வீட்டில், எந்தப் பொருளின் ஆயுளையும் உப்புக்காற்றுதான் முடிவு செய்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதே உப்பு கண்ணுக்குத் தெரியாத படலமாக ஜன்னல் கம்பியிலும் கதவுக் கீலிலும் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்கிறது. இப்படிப்பட்ட ஊரில் 2018 முதல் அன்றாடம் பயன்படுத்திவரும் ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைப் பற்றியே முதன்மையாக இங்கே எழுதுகிறேன். அதே காலத்தில் வாங்கிய வேறு சில பொருள்களையும் அதனோடு ஒப்பிட்டிருக்கிறேன்.

கல்லை வாங்கியது திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் உள்ள ஓர் இரும்புச் சாமான் கடையில். விட்டம் 12 அங்குலம், கனம் 5 மில்லிமீட்டர், எடை 2.6 கிலோ, அன்றைய விலை 650 ரூபாய். கடைக்காரப் பெரியவர் நான்கு கற்களை வரிசையாகத் தூக்கிப் பிடித்து, விரல் மடக்கி ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். மூன்று கற்கள் மணிபோல ஒலித்தன. நான்காவது பொத்தென்று ஒலித்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்று சொல்லி அதை அவரே தனியாக எடுத்து வைத்துவிட்டார். அதன் பிறகு நான் பார்த்தவை இரண்டுதான். வார்க்கும்போது காற்று புகுந்து உண்டாகும் ஊசித்துளைகள் மேற்பரப்பில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, கருப்புச் சாயம் ஒட்டுகிறதா, பெயிண்ட் வாடை வருகிறதா என்று சோதித்தேன். ‘ஏற்கெனவே பழக்கிய கல்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்பவற்றுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

கல்லைப் பழக்குவது பற்றி ஆளுக்கொரு முறை சொல்வார்கள். நாங்கள் மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் ஏற்றி ஈரத்தைப் போக்கிய பிறகு, மிக மெல்லிசாக நல்லெண்ணெய் பூசிப் புகை வரும்வரை காய்ச்சி ஆறவிட்டோம். இப்படி ஒரு வாரம் தொடர்ந்தது. எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்போடு பிணைந்த ஒரு கடினப் படலமாக மாறுகிறது. பழக்கிய கல் என்பது அந்தப் படலம்தான். எண்ணெயை அதிகம் ஊற்றினால் படலம் கெட்டிப்படாமல் பிசுபிசுவென்று நிற்கும். நாங்களும் முதலில் அந்தத் தவற்றைச் செய்தோம். முதல் மாதம் தோசை கிழிந்தது, ஊத்தப்பம் ஒட்டியது, வீட்டில் பேச்சும் கேட்டேன். இரண்டாம் மாதத்திலிருந்து, பாதியாக வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாலே போதும் என்ற நிலை வந்தது.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது ஒரு நான்ஸ்டிக் தவா. இரண்டு ஆண்டு முடிவதற்குள் நடுவில் பூச்சு உரிந்து, அலுமினியம் வெளுத்துத் தெரிந்தது. குறை முழுவதும் அந்தத் தயாரிப்பின்மேல் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பூச்சு டெஃப்லான் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வரைதான் அதைப் பாதுகாப்பாகச் சூடாக்கலாம். தோசை சுடுகிற நம் வழக்கமோ வெறும் கல்லை நன்றாகக் காயவைத்து, தண்ணீர் தெளித்து, அது முத்து முத்தாக உருண்டோடுகிறதா என்று பார்ப்பது. வெறும் பாத்திரத்தைப் பெருந்தீயில் காய்ச்சாதீர்கள் என்று எச்சரிக்கும் பொருளை வாங்கிவந்து, தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

வார்ப்பிரும்புக்கும் குறைகள் உண்டு. அலுமினியத்தைப்போல் அது வெப்பத்தை வேகமாகக் கடத்தாது என்பதால் நடுப்பகுதி காய்ந்தும் ஓரம் காயாமல் நிற்கும். சிறுதீயில் ஐந்தாறு நிமிடம் பொறுத்தால்தான் கல் முழுவதும் சீராகக் காயும். ஒருவருக்கு இரண்டு தோசை சுடுவதற்காக இதை ஏற்றுவது எரிவாயுவுக்குக் கேடு. ஐந்து பேருக்குச் சுடும்போதுதான் இதன் அருமை தெரியும். ஏறிய சூடு இறங்குவதில்லை, இருபதாவது தோசையும் முதல் தோசையைப்போல் முறுகலாகவே வருகிறது. காய்ந்த கல்லைத் தண்ணீர்க் குழாயின்கீழ் பிடித்தால் வெடித்துவிடும், கைதவறி விழுந்தாலும் உடையும், உடைந்தால் பழைய இரும்புக்கடைக்குத்தான் போகும். புளி சேர்ந்த எதையும் இதில் நெடுநேரம் கொதிக்கவிடக் கூடாது. புளிப்பு அந்த எண்ணெய்ப் படலத்தைக் கரைத்துவிடும்.

உண்மையான சோதனை 2024-இல் வந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். ஒன்பது நாள் கழித்துத் திரும்பியபோது, ஈரச் சமையலறையில் கிடந்த கல் முழுவதும் செம்மண் பூசியதுபோல் துருவேறியிருந்தது. கல் உப்பும் தேங்காய் நாரும் வைத்து அரைமணி நேரம் தேய்த்து, காயவைத்து, நான்கு முறை எண்ணெய் காட்டியதில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதே ஒன்பது நாளில் மாவு அரைக்கும் இயந்திரத்தின் மோட்டார் போயிற்று. பழுது பார்க்கக் கேட்ட கூலியைக் கேட்டுப் புதியதே வாங்கிவிட்டோம்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை கடற்கரையில் செல்லாது. எங்கள் வீட்டில் மூன்று மூடிகளிலும் ஒரு தட்டு அடுக்கியிலும் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர் என்று பாத்திரக்கடைகளில் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 ரகத்திலும் அது ஒட்டாது. உப்புக்காற்றில் முதலில் புள்ளி விழுவது இந்த ரகத்தில்தான். மேலும், 304 ரகத் தகட்டை ஆழமாக அழுத்திச் செய்த பாத்திரத்தின் விளிம்பில் காந்தம் இலேசாக ஒட்டுவதும் உண்டு. எனவே காந்தத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடிப்பக்கத்தில் ரக எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து, பில்லிலும் அதை எழுதி வாங்குவதே நல்லது. வாணலி வாங்கும்போது கைப்பிடியை இணைக்கும் ஆணியையும் பாருங்கள். அலுமினிய வாணலியில் இரும்பு ஆணி அறைந்திருந்தால், உப்பும் ஈரமும் சேர்ந்து ஆணியைச் சுற்றியுள்ள அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக உதிர்த்துவிடும். ஒருநாள் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

அரிவாள்மனை விஷயத்தில் எனக்கு ஒரு சலுகை இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த எண்ணற்ற பலா மரங்களில் ஒன்று என் மாமாவின் தோட்டத்தில் நின்றது. அதை அறுத்து வைத்திருந்த பலகையில் ஒரு துண்டை எனக்குக் கொடுத்தார். வீணை செய்யத் தேடிப்போகிற மரத்தில் காய் நறுக்குவது கொஞ்சம் ஆடம்பரம்தான். அலகை முதுநகரில் ஒரு கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, துவைச்சல் போட்டு, அதாவது சூட்டோடு தோய்த்துக் கடினமாக்கிச் செய்துகொடுத்தார். ஸ்பிரிங் எஃகில் கரிமம் கூடுதலாக இருப்பதால் அது கூர்மையை நெடுநாள் தாங்குகிறது. ஆண்டுக்கு இருமுறை சாணை பிடிக்கிறோம். கடையில் தயாராக விற்கும் மனைகளில் பெரும்பாலும் அலகைச் சாதாரண இரும்பு ஆணியால் இறுக்கியிருப்பார்கள். ஆணி துருவேறிப் பருக்கும்போது பலகை பிளந்துவிடும். கழற்றி மாட்டக்கூடிய எவர்சில்வர் போல்ட்டும் நட்டும் வைத்துத் தரச் சொன்னேன், கூடுதலாக நாற்பது ரூபாய் ஆயிற்று.

துணியில் ஒன்றை மட்டும் சொல்லலாம். குறிஞ்சிப்பாடிக் கைத்தறிக் கைலிகளில் நூல் எண் கூடக்கூட உயர்ந்த சரக்கு என்று விற்கிறார்கள். எண் கூடினால் நூல் மெலிகிறது. உடுத்தச் சுகம், உழைப்பு குறைவு. தினமும் கிணற்றடியில் துவைத்துக் கட்டுவதற்கு 60-ஆம் நம்பர் நூலே எனக்குப் போதும். மூட்டிய கைலியில் துணிக்கு முன்பே தையல் விட்டுவிடும். மூட்டாததை வாங்கி, தெரிந்த தையற்காரரிடம் இரட்டைத் தையல் போட்டுக்கொள்வது மேல்.

மீண்டும் தோசைக்கல்லுக்கு வருகிறேன். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த 2.6 கிலோக் கல்லை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். என் தாயாரால் இதை ஒரு கையால் தூக்க முடிவதில்லை. அவருக்காக 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்த கல் ஒன்று வாங்கினோம். எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதல், சீக்கிரம் காய்கிறது, விழுந்தாலும் உடைவதில்லை. பெருந்தீயில் நடுப்பகுதி உப்பிக்கொள்வதால் மாவு ஓரத்துக்கு ஓடிவிடுவதுதான் அதன் குறை. ஆனால் வார்ப்பிரும்பைப்போல் அல்லாமல் தகட்டைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தலாம். அரிவாள்மனைக்கு அலகு அடித்துக்கொடுத்த அதே பட்டறையில் இதுவரை இரண்டு முறை நிமிர்த்தி வாங்கியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஐம்பது ரூபாய், காத்திருந்தது கால்மணி நேரம்.