கொத்தனாருக்குப் பரீட்சை: மூன்று நாள் சான்றிதழ் பயிற்சிக்குப் போய் வந்தவன் சொல்வது

திருநெல்வேலியில் பெருமாள்புரம், கேடிசி நகர் பக்கம் வீட்டு வேலை எடுத்துச் செய்கிற கொத்தனார் நான். கரண்டி பிடித்து இருபத்தாறு வருடம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்குச் சோதனை வைத்துச் சான்றிதழ் தருகிற பயிற்சிக்கு (ஆர்.பி.எல். என்கிறார்கள்) போன மாதம் என் செட்டோடு போய் வந்தேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் நடத்தியவர்கள் பெயர் வேண்டாம்.

போகவே எனக்கு மனசில்லை. மூன்று நாள் சம்பளம் போகுமே! "இருவத்தாறு வருசமா சொவரு கெட்டுதேன், எனக்கு என்னவே பரீட்சை?" என்று பெயர் எழுத வந்த பையனிடம் கேட்டேன். "அதைத்தான் அண்ணாச்சி பேப்பர்ல எழுதித் தரப் போறாவ" என்றான்.

முதல் நாள் ஆதார், போட்டோ, கையெழுத்து என்று வீணாய்ப் போனது. சாப்பாடு பரவாயில்லை.

இரண்டாம் நாள் காலைதான் பயிற்சி. சொல்லிக் கொடுத்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், சைட்டில் வேலை பார்த்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. உயரத்தில் வேலை பார்க்கும்போது விழாமல் இருக்க இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டார். விழுந்தால் அது வயிற்றையும் முதுகையும் நசுக்கிவிடும். தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் பெல்ட்தான் வேண்டும் என்றார். அப்புறம் என்னை எழுப்பி, "பெல்ட் கயித்துக் கொக்கியை எங்க மாட்டுவிய?" என்று கேட்டார். "நிக்கிற பலகைப் பக்கத்துல" என்றேன். மணலில் கோடு போட்டுக் கணக்குக் காட்டினார். கயிறு ஆறடி. விழுகிற வேகத்தில் அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரிந்து இன்னும் மூன்று நாலடி இறங்கும். கயிறு சேர்கிற முதுகு வளையத்திலிருந்து கால் வரை ஒரு ஐந்தடி. கூட்டினால் பதினாலு, பதினைந்து அடி. நம் வீட்டு வேலையில் சாரம் பத்தடி உயரம்! பெல்ட் போட்டுக்கொண்டே தரையில் விழுந்திருப்பேன். கொக்கி தலைக்கு மேலே, உறுதியான பீமிலோ தூணிலோ இருக்க வேண்டும். சாரத்துச் சவுக்குக் கம்பில் மாட்டவே கூடாது. ஒரு தடவை விழுந்து தாங்கிய பெல்ட்டை மறுபடி தொடக்கூடாது. இத்தனை வருடத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

சிமெண்ட் பற்றியும் சொன்னார். ஈரக் கலவை காரம். நனைந்த துணியோடு அதில் மண்டி போட்டு நின்றால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத் தோல் வெந்து நிற்கும். நான் இத்தனை காலமும் தேங்காய் எண்ணெய் தடவிச் சமாளித்த விரல் வெடிப்புக்கும் அதுதான் காரணமாம். இப்போது கையுறை போடுகிறேன்.

அடுத்து ஹெல்மெட். ஐ.எஸ். 2925 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்து வாங்குங்கள், வெளி ஓட்டுக்கும் உள்பட்டைக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் உயிரைக் காப்பது, அதில் பீடிக்கட்டை வைக்காதீர்கள் என்றார். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்தார்கள். சரி என்று, காலையில் இலவசமாகக் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தோம். எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. அவரிடமே காட்டினேன். "நான் பாடம் நடத்துதவன் அண்ணாச்சி, வாங்குதவன் இல்ல" என்றார். அந்த வாரமே வண்ணார்பேட்டையில் முத்திரை போட்டதாகப் பார்த்து 320 ரூபாய்க்கு வாங்கினேன்.

மூன்றாம் நாள் டேப்லெட்டில் கேள்வி. "தூக்குமேடையில் நிற்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?" என்று வந்தது. சாரத்தைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். கடைசி ஆசையைக் கேட்பார்களோ என்று என் தங்கை மகன் சிரித்த சிரிப்பில் வகுப்பே நின்றுபோனது. கைவேலைச் சோதனை மட்டும் நியாயமாக இருந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர் ஒன்பது அங்குலச் சுவர் மூலை கட்டச் சொல்லி, தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து மார்க் போட்டார். கல்லை நீளவாக்கில் பிளந்து மூலைப் பக்கம் வைக்கிறோமே, அதற்குக் குயின் குளோசர் என்று பெயராம். ராணியை இத்தனை நாளும் அரைக்கல் என்றே கூப்பிட்டிருக்கிறேன்.

சான்றிதழால் கூலி கூடுமா? வீடு கட்டுகிறவர்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை. பெரிய சைட்டுக்குப் போகிற இளவட்டங்களுக்கு உதவலாம். இன்னொன்று, இது கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இல்லை. எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தார்கள். கட்டடச் செலவில் 1 சதவீதம் பிடிக்கிற பணம் அந்த வாரியத்துக்குத்தான் போகிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பதியாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

எனக்குப் பெரிய மனக்குறை எங்கள் மதினி விஷயத்தில்தான். பதினைந்து வருடமாகச் சித்தாள்; கலவைப் பக்குவம் என்னைவிட அவளுக்குத் தெரியும். பாதுகாப்பு ஷூ கொடுத்தார்களே, அதில் இருந்த சின்ன சைஸே ஏழு. "இதுக்குள்ள ரெண்டு பேரு நிக்கலாமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று நாளும் ரப்பர் செருப்போடு பாதுகாப்புப் பாடம் கேட்டாள். அடுத்த பேட்சுக்கு ஆள் கேட்டு நேற்று போன் வந்தது. ஐந்தாம் நம்பர் ஷூ உண்டா என்றேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.