டிரெய்லர் வயரிங் முழுசா மாத்தியாச்சு என்றார்கள், இரும்புச் சட்டத்துக்குள் பழைய வயர்தான் கிடந்தது

வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்ன டிரெய்லர் வைத்திருப்பவர்கள், அதுவும் லைட் வேலைக்கு வெளியே விடப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே கோளாறுக்கு நான் மூன்று முறை பணம் கொடுத்தேன். மூன்று முறையும் கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது. நடுவில் ஒரு ராத்திரி, பின்னால் வந்த வண்டி டிரெய்லரில் மோதாமல் நின்றது பெரிய விஷயம்.

ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு லைட், முன்னால் ஏழு பின் பிளக். அவ்வளவுதான் என் டிரெய்லர். டெயிலுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே பல்பு, உள்ளே இரண்டு இழை, பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். இண்டிகேட்டருக்குத் தனி பல்பு.

முதலில் கவனித்தது என் மச்சான்தான். இருட்டிய பிறகு என் பின்னால் அவர் வண்டியில் வந்துகொண்டிருந்தார். வீடு வந்ததும், "மாமா, நீங்க பிரேக் போட்டா டிரெய்லர் லைட் பிரகாசமா எரியணும். அது மங்கிப் போகுது. இண்டிகேட்டர் போட்டா எல்லா லைட்டும் சேர்ந்து மினுக்குது" என்றார். அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்திலேயே கோளாறு என்ன என்பது முழுவதும் இருந்தது. எனக்கு அப்போது தெரியாது. வேலை பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் ஆட்டோ எலக்ட்ரிக் கடை ஒன்றில் விட்டேன். மச்சான் சொன்னதை அப்படியே சொன்னேன். "பல்பு, ஹோல்டர் எல்லாம் போயிடுச்சு சார், செட்டா மாத்திடுவோம்" என்று இரண்டு லைட்டையும் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். பட்டப்பகலில், ஹெட்லைட் போடாமல், பிரேக்கைத் தனியாக, இண்டிகேட்டரைத் தனியாக எரிய வைத்துக் காட்டினார்கள். எரிந்தது. நான் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவே பழைய கதை.

இரண்டாவது முறை, "வயரிங் முழுசா மாத்தணும், உள்ள எல்லாம் அரிச்சிருக்கும்" என்றார்கள். பழைய டிரெய்லர், நியாயமாகத்தான் பட்டது. ஒரு நாள் முழுக்க வைத்திருந்து கொடுத்தார்கள். பிளக்கிலிருந்து பளபளவென்று புது வயர் சட்டத்துக்குள் போனது, பின்னாலும் லைட்டுக்குள் புது வயர் வந்தது. சில நாள் பரவாயில்லாமல் இருந்தது. ஒரு மழைக்குப் பிறகு மறுபடியும் மங்கல், அதோடு டெயில் லைட்டின் பியூஸும் போக ஆரம்பித்தது.

மூன்றாவது முறை போனபோதுதான் என்னை முழுதாக நம்ப வைத்தார்கள். மல்டிமீட்டரை எடுத்து, கறுப்பு முனையை வண்டி பேட்டரியின் மைனஸில் நீள வயர் போட்டு மாட்டி, சிவப்பு முனையை டிரெய்லர் லைட்டின் ஹோல்டரில் வைத்தார். 12.4 வோல்ட் காட்டியது. "பாருங்க சார், கரென்ட் முழுசா வருது. எங்க வயரிங்ல பழுதே இல்ல. உங்க வண்டியோட கன்ட்ரோல் பாக்ஸ்தான் போயிருக்கு, அதை மாத்திடலாம்" என்றார். பியூஸுக்கு மட்டும் ஏதோ செய்து தருவதாகச் சொல்லி, செய்து, அதற்கும் வாங்கிக்கொண்டார். பாக்ஸ் மாற்றும் தொகையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அந்த 12.4 பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இதையேதான் காட்டுவார்கள். பல்பு எரிய கரென்ட் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி, இரண்டும் வேண்டும். திரும்பி வரும் வழிதான் எர்த். அவர் கறுப்பு முனையை நேராக பேட்டரியில் மாட்டியதால், டிரெய்லரின் எர்த் அந்த அளவீட்டுக்குள் வரவே இல்லை. எர்த் முழுதாக அறுந்திருந்தாலும் மீட்டர் 12.4 தான் காட்டும். இன்னொன்று, மீட்டர் இழுக்கும் கரென்ட் மிக மிகக் குறைவு. வயருக்குள் ஒரே ஒரு தாமிர இழை மிச்சம் இருந்தாலும் பல்பு எரியாத நேரத்தில் வோல்ட் முழுசாகக் காட்டும். பல்பைப் போட்டால்தான் சாயம் வெளுக்கும்.

அந்த வாரமே மச்சானைக் கூட வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். இரண்டு முனையிலும் கிளிப் போட்ட நீள வயர் ஒன்று, மீட்டர் ஒன்று. எல்லா லைட்டையும் போட்டு, மச்சான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, பின்னால் மங்கலாக எரிந்தது. பேட்டரி மைனஸிலிருந்து அந்த நீள வயரை டிரெய்லர் சட்டத்தில், பெயின்ட் இல்லாத இரும்பில் பிடித்தேன். அந்த நொடியே எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. எடுத்தால் மங்கல், வைத்தால் வெளிச்சம். இரண்டு நிமிட வேலை. மூன்று முறையில் ஒரு முறைகூட இதை அவர்கள் செய்து பார்க்கவில்லை.

அளந்தும் பார்த்தேன். எல்லாம் எரியும்போது, மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை லைட்டின் எர்த்தில். 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. பல்புக்குப் போக வேண்டிய வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கை அந்தக் கெட்ட எர்த் தின்றுகொண்டிருந்தது.

மச்சான் சொன்ன மங்கலுக்குக் காரணம் இதுதான். எர்த் சரியில்லாவிட்டால் டெயில் இழை வழியாக வந்த கரென்ட் திரும்ப வழி தேடி பிரேக் இழைக்குள் நுழைந்து, அந்த வயரிலேயே வண்டியின் சொந்த பிரேக் லைட் வரை போய், அதன் எர்த்தில் இறங்கும். பிரேக்கை மிதித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும், இரண்டு பக்கமும் பிளஸ். அதனால் சரியாக பிரேக் போடும் நேரத்தில் லைட் மங்கும். பின்னால் வருகிறவர் பார்வையில் நீங்கள் மறைகிறீர்கள். டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கியும் உருண்டையும் உரசும் இடத்தில் கொஞ்சம் எர்த் கிடைக்கும். அங்கே கிரீஸும் துருவும் இருப்பதால் குலுங்கும்போது வரும், போகும். பகலில் ஒவ்வொரு லைட்டாக எரியவிட்டால் இந்த அரைகுறை எர்த்தே போதும். கடையில் எல்லாம் சரியாக எரிந்தது இப்படித்தான்.

எர்த்துக்கான வெள்ளை வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பிளக்கிலிருந்து வந்து, சட்டத்தில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தார்கள். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் சுரண்டப்படவே இல்லை. சரி, மற்ற வயரையும் பார்த்துவிடலாம் என்று பின்பக்கம் நைலான் கயிறு கட்டி, முன்பக்கம் இழுத்தேன். ஒரு கை நீளம் புது வயர் வந்தது. அதற்கு அப்புறம் டேப் சுற்றிய முடிச்சுகள். அதைத் தாண்டி விறைத்துப்போன பழைய வயர். பின்முனையிலும் அதேபோல் ஒரு கை நீளம் புதுசு. நடுவில் மொத்தமும் பழசு. டேப்பைப் பிரித்தால் தாமிர இழைகளில் பச்சைக் களிம்பு, தொட்டால் உதிர்கிறது. முழு வயரிங்குக்குக் கொடுத்த பணத்துக்கு வெளியில் தெரியும் இரண்டு முனைகளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பியூஸ் போனதற்கும் காரணம் அங்கேயே இருந்தது. சட்டத்தில் வயர் நுழையும் ஓட்டையில் இருந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் போடவில்லை. தகடு வயரின் தோலைச் சீவி, டெயில் வயர் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அவர்கள் செய்த வைத்தியத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. வண்டியின் பியூஸ் பெட்டியில் 10 ஆம்பியர் சிவப்பு பியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பச்சை பியூஸ் செருகியிருந்தார்கள். பியூஸ் போகாது, உண்மைதான். வயர் எரியும். அந்த வண்டியில் குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். ஏமாற்றியதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "தெரியிற வயரை மாத்துறதுதான் சார் பேச்சு, சட்டத்தைப் பிரிக்கிறதுக்குத் தனி ரேட்" என்றார் முதலாளி. பில்லில் 'வயரிங் வேலை' என்று மட்டும் எழுதியிருந்தது. எத்தனை மீட்டர் வயர், எங்கிருந்து எங்கே என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அவரால் அப்படிப் பேசியிருக்க முடியாது. கழற்றிய பழைய வயரை நான் கேட்டு வாங்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், ஏனென்றால் கொடுக்க அவர்களிடம் எதுவும் இருந்திருக்காது.

பிறகு நானும் மச்சானும் ஒரே நாளில் முடித்தோம். மற்ற லைன்களுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த்துக்கு மட்டும் இன்னும் தடிமனாக 2.5. ஒரு 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பிரேக், ஒரு இண்டிகேட்டர், டெயில் எல்லாம் சேர்ந்தால் 6 ஆம்பியரைத் தாண்டும், அவ்வளவும் அந்த ஒரு வெள்ளை வயரில்தான் திரும்பி வர வேண்டும். சட்டத்தை நம்பாமல் ஒவ்வொரு லைட்டுக்கும் எர்த்தைத் தனியாக வயரிலேயே கொண்டுபோனோம். முன்னால் சட்டத்தில் மாட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். இணைப்புகளில் டேப் கிடையாது. அழுத்திப் பிடித்து, சூடு காட்டினால் சுருங்கி உள்பசை ஒட்டிக்கொள்ளும் ஸ்லீவ் போட்டோம். ஓட்டையில் புது ரப்பர் வளையம். பெட்டியில் மறுபடியும் சிவப்பு பியூஸ். எர்த்தை மறுபடி அளந்தால் 0.1 வோல்ட். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பார்த்துவிட்டது.

வேலைக்கு விட்டே ஆக வேண்டும் என்றால், வண்டியை எடுப்பதற்கு முன் இருட்டும்வரை காத்திருந்து, ஹெட்லைட், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். பியூஸ் பெட்டியை நீங்களே திறந்து, ஒவ்வொரு பியூஸின் எண்ணும் மூடியில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஏற்கெனவே இப்படி யாரிடமாவது லைட் வேலை பார்த்திருந்தால், பெட்டியை இன்றைக்கே திறந்துவிடுங்கள்.