மாணிக்கமா, மரகதமா, நீலமா: ஒரு மோதிரத்துக்குக் கல் தேர்ந்த கணக்கு

எங்கள் இருபத்தைந்தாம் மணநாளுக்கு மனைவிக்கு ஒரு கல் மோதிரம் செய்ய முடிவெடுத்து, மூன்று கற்களையும் பல மாதம் பார்த்துவிட்டு, எடையில் இரண்டு காரட்டுக்குச் சற்றுக் குறைவான இலங்கை நீலத்தை வாங்கினேன். ஆகவே நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆய்வகத்தில் வளர்த்த கற்களால் வைரத்தின் விலை ஆட்டம் கண்டிருப்பதால் அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

உறுதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மாணிக்கமும் நீலமும் ஒரே குருந்தக் கனிமத்தின் இரு நிறங்கள். அதன் ஆங்கிலப் பெயரான ‘கோரண்டம்’ என்பதே நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவுகோலில் இரண்டுக்கும் 9, மரகதத்துக்கு 7.5 முதல் 8 வரை. அரிதென்று பார்த்தால் மாணிக்கமே முன்னால் நிற்கிறது. 2015இல் ஜெனிவாவில் 25.59 காரட் பர்மா மாணிக்கம் ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதற்கு முந்தைய ஆண்டு அதே நகரில் 392.52 காரட் இலங்கை நீலம் பெற்றது சுமார் 1.7 கோடி டாலர்தான். ஒரு காரட்டுக்கு வகுத்துப் பார்த்தால் வேறுபாடு இருபத்தைந்து மடங்குக்கும் மேல்.

ஆனால் அந்த இரண்டும் நிறத்தை மேம்படுத்துவதற்காகச் சூடேற்றாத கற்கள். நம்மைப் போன்றவர்கள் நகைக்கடையில் பார்க்கும் கல்லின் மதிப்பை முடிவு செய்வது, பூமியிலிருந்து எடுத்த பிறகு அதற்கு என்ன செய்தார்கள் என்பதே. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், ‘இயற்கைக் கல்’ என்ற ஒரே உறுதிமொழியை நம்பி வாங்கிய மாணிக்க மோதிரத்தை, விரலுக்கு இறுக்கமானதால் பத்தரிடம் கொடுத்தோம். ஊதுகுழல் தீ பட்டதும் கல் மங்கி, உள்ளே சிலந்தி வலைபோல வெடிப்புகள் தெரிந்தன. வெடித்த மட்டமான குருந்தத்துக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய கல் அது. இயற்கைக் கல் என்று சொன்னது பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. இத்தகைய கல் எலுமிச்சைச் சாறு பட்டாலே பாழாகும் என்பதால், சமையலறையில் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டா வேலை செய்வது?

மரகதத்துக்குச் செய்வதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அதன் இயல்பு அப்படி. கொலம்பியாவானாலும் ஜாம்பியாவானாலும் பெரும்பாலான மரகதங்களில் நுண்ணிய பிளவுகள் உண்டு. அவை தெரியாதிருக்க எண்ணெய் ஏற்றுவது பழைய வழக்கம், அது சிறிதளவாக இருந்தால் வணிகம் ஏற்றுக்கொள்கிறது. ஆண்டுகள் போனால் எண்ணெய் வற்றும், கடையில் ஒலி அதிர்வால் அழுக்கு நீக்கும் மீயொலித் தொட்டியில் போட்டுக் கழுவினால் வெளியேறும், பிறகு மறுபடி ஏற்ற வேண்டும். பச்சை நிறத்தின் அழகில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அன்றாடம் அணியும் மோதிரத்துக்கு அது ஆகாது, காதணிக்குச் சரி.

நீலத்துக்கும் சூடேற்றம் உண்டு. இலங்கையில் ஒரு காலத்தில் மதிப்பில்லாமல் கிடந்த ‘கெவுடா’ என்னும் பால்நிறக் கற்களைத் தாய்லாந்து வணிகர்கள் 1970களில் வாங்கிப்போய், கடும் வெப்பத்தில் ஆழ்ந்த நீலமாக்கியது இத்துறையில் எல்லோரும் அறிந்த கதை. ஆயினும் வெறும் வெப்பத்தால் வந்த நிறம் நிலையானது. வற்றவோ வழியவோ அதில் எதுவுமில்லை. அதைவிட முக்கியம், சூடு கண்ட கல்லையும் காணாத கல்லையும் நல்ல ஆய்வகம் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடும், ஏனெனில் மிகுந்த வெப்பத்தில் கல்லுக்குள்ளிருக்கும் பட்டிழை போன்ற நுண்ணிய கனிம ஊசிகள் கரைந்துவிடுகின்றன. ‘சூடேற்றியதற்கான அறிகுறி இல்லை’ என்ற சான்றிதழோடு வந்த கல்லையே எடுத்தேன். அதே பணத்துக்குச் சூடேற்றிய கல் இதைவிடப் பெரிதாகக் கிடைத்திருக்கும் என்பதை மனைவி இன்றும் நினைவூட்டுகிறார்.

விற்பனை மதிப்பைப் பற்றிச் சற்று அடக்கமாகவே பேச வேண்டும். மோதிரத்தை அடகு வைக்கப்போனால் கல் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டுமே பணம் தருவார்கள்; அங்கே மூன்று கல்லும் ஒன்றுதான். போதாததற்கு, நீலம் சனிக்குரியது, எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்ற அச்சத்தால், பிறர் அணிந்ததை வாங்கத் தயங்குவோர் நம்மிடையே நிறைய. நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. சான்றிதழுள்ள கல்லுக்குக் கல் வணிகர் நியாயமான விலை தருவார் என்பது என் எதிர்பார்ப்பு மட்டுமே. அதற்காகவே அடிப்பக்கத்தை மூடாமல், கல்லைச் சேதமின்றிக் கழற்றி எடை போடும்படி மோதிரத்தைக் கட்டச் சொன்னேன். சான்றிதழிலுள்ள எடையும் மில்லிமீட்டர் அளவும் கல்லோடு ஒத்துப்போகின்றனவா என்று, கட்டுவதற்கு முன் பத்தரின் தராசிலேயே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.