பெட்ரோல் மோவர்ல இருந்து பேட்டரி மோவருக்கு மாறியாச்சு, எப்படி இருக்கு?

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஓட்டுன வரைக்கும் புல் வெட்டுற பெட்ரோல் மோவரோட முரட்டு பவர் பேட்டரி மோவர்ல இல்ல. விக்கிறவங்க ரெண்டும் ஒன்னுதான்னு சொல்லுவாங்க, பாதி நம்புங்க போதும். ஆனா மறுபடி பெட்ரோலுக்கே போவியான்னு கேட்டா, மாட்டேன்.

பெட்ரோல் மெஷின்ல புல் வெட்டுறது ஒரு வேலையே இல்ல, அத ஸ்டார்ட் பண்றதுதான் வேலை. கொஞ்ச மாசம் சும்மா வச்சிட்டு எடுத்தா போச்சு, டேங்க்ல நின்ன பெட்ரோல் கெட்டுப்போய் எஞ்சினுக்கு பெட்ரோல் விடுற கார்புரேட்டரோட சின்ன ஓட்டைல (ஜெட்) பிசுபிசுன்னு ஒட்டிக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல்னா காத்துல இருக்க ஈரத்தையும் சேர்த்து இழுத்து வச்சிக்கும். சோக்க போடு, பெட்ரோல பம்ப் பண்ற பிரைமர அமுக்கு, கயிற இழு, இன்னொரு வாட்டி இழு, தோள்பட்டை கழண்டு கைல வர்ற வரைக்கும் இழுத்தா டுப்புன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு அடங்கிடும். அப்புறம் ஸ்பார்க் பிளக்க கழட்டி பாத்தா பெட்ரோல்ல ஊறி கருப்பா நிக்கும், அத தொடச்சி காயவச்சி மாட்டுறதுக்குள்ள புல் வெட்டுற மூடே போயிடும். பேட்டரி மோவர்ல சேஃப்டி சாவிய சொருகி பட்டன அமுக்கிகிட்டே ஹேண்டில் பார இழுத்தா ஓட ஆரம்பிச்சிடுது, அவ்ளோதான். ஆயில் மாத்துறது, ஏர் ஃபில்டர் தட்டுறது எதுவும் கிடையாது.

இதுல ஒரு சின்ன விஷயம் ரொம்ப பிடிச்சிருக்கு. வழியில கல்லோ குச்சியோ கிடந்தா பெட்ரோல்ல ஹேண்டில விட்டதும் எஞ்சின் நின்னுடும், மறுபடி கயிறு இழுக்கணுமேன்னு அந்த கல்ல சுத்திகிட்டு போயிடுவோம். இப்போ ஹேண்டில் பார விட்டுட்டு, பிளேடு நின்னதும் கல்ல பொறுக்கி போட்டுட்டு திரும்ப ஓட்டுறேன். கை விரல் மரத்துப்போற அந்த அதிர்வும் இல்ல, யாராவது கூப்பிட்டா காதுல விழுது.

இப்போ குறைக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல்ல ஏறக்குறைய 9 யூனிட் கரண்ட்டுக்கு சமமான சக்தி இருக்கு, எஞ்சின் அதுல பெரும்பகுதிய சூடாவே வெளிய தள்ளிடும்ங்கிறது வேற கதை. பேட்டரி பக்கம் பாருங்க, 40 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர்னு டப்பால பெருசா போட்டிருப்பான், உடனே 200 வாட் ஹவர்னு கணக்கு போடாதீங்க. அந்த 40ங்கிறது ஃபுல் சார்ஜ்ல வர்ற மேக்ஸிமம், ஓடும்போது கிடைக்கிற சராசரி 36 தான், அப்போ 180 வாட் ஹவர். அதாவது ஒரு யூனிட்ல (1000 வாட் ஹவர்) அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. மோட்டார் 400 வாட் இழுத்தா அரை மணி நேரம் கூட தாங்காது. டப்பால போட்டிருக்க நிமிஷ கணக்கெல்லாம் காஞ்ச, குட்டையான புல்லுக்குன்னு வச்சிக்கோங்க.

புல் ஈரமா அடர்த்தியா இருந்தா என்ன ஆகும்னா, மோட்டார் சத்தம் திடீர்னு ஒரு படி ஏறும், லோடு கூடிடுச்சுன்னு அதுவே வேகத்த ஏத்திக்குது, அந்த நேரம் பேட்டரில சார்ஜ் காட்டுற லைட்டு மூணு இருந்தது மடமடன்னு ஒன்னுக்கு வந்துடும். பிளேடு கவருக்கு அடியில பச்சையா கட்டி கட்டியா அப்பிக்கும், அத சொரண்டாம விட்டா இன்னும் சீக்கிரம் தீரும். பிளேடு மொக்கையா இருந்தாலும் அப்படித்தான், பெட்ரோல்ல மொக்க பிளேட வச்சே வருஷக்கணக்குல ஓட்டுனவங்க இதுல அத கவனிச்சே ஆகணும். தானா நகர்ற செல்ஃப் ப்ரொப்பல்டு மாடல்னா சக்கரத்துக்கும் சேர்த்து அதே பேட்டரிதான்.

அதனால புல்ல முழங்கால் உயரத்துக்கு வளரவிட்டு எப்பவாவது வெட்டுற ஆளா இருந்தாலோ, இடம் ரொம்ப பெருசா இருந்தாலோ பெட்ரோலே வச்சிக்கோங்க. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா வெட்டுறவங்களுக்குதான் இது. அடிக்கடி வெட்டுறது புல்லுக்கும் நல்லதுதான், ஒரு தடவைல புல்லோட உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க இல்ல.

வாங்கும்போது மெஷின விட பேட்டரிய பாருங்க, பின்னாடி இன்னொன்னு வாங்க போனா அதோட விலைய பாத்து மயக்கமே வரும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்னுல பொதுவா மாட்டாது, ஓரம் வெட்டுற ட்ரிம்மர், சருகு ஊதி தள்ளுற ப்ளோயர் எல்லாம் அதே பேட்டரில ஓடுமான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வெட்டி முடிச்ச கையோட சூடா இருக்க பேட்டரிய சார்ஜர்ல போட்டா, ஆறுற வரைக்கும் சார்ஜ் ஏறாம சும்மா நிக்கலாம், ரிப்பேர்னு நினைச்சிடாதீங்க. மாசக்கணக்குல எடுக்க போறதில்லனா பாதி சார்ஜ்ல, வெயில் படாத இடத்துல வைங்க, ஃபுல்லா ஏத்தி வச்சா சீக்கிரம் வீணாகும்.

மடிச்சு செங்குத்தா நிறுத்தி வைக்கிற மாடல் கிடைச்சா எடுத்துக்கோங்க, பெட்ரோல்ல சாய்ச்சு வச்சா ஆயில் ஒழுகிடுமேன்னு இருந்த பயம் இதுல இல்ல. ஆனா அடியில கைய விடுறதுக்கு முன்னாடி சாவி, பேட்டரி ரெண்டையும் கழட்டிடுங்க. சத்தமே இல்லாததால மெஷின் ஆஃப்ல இருக்குன்னு தோணும், பேட்டரி உள்ள இருந்தா அத நம்பக்கூடாது.