வீடா, தனியார் விடுதியா, அரசு உறைவிடப் பள்ளியா: மகளுக்காக எடைபோட்டுப் பார்த்தது

மகள் எட்டாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் எங்கள் வீட்டில் மூன்று மாதம் இதே பேச்சுதான். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகும் வழியில் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. முக்கால் ஏக்கர் மல்லிகை, இரண்டு பசு, என் அம்மா, நாங்கள் இருவர், மகள், அவளுக்கு மூன்று வயது இளைய மகன். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரட்டும் என்பது ஒரு வழி. கடன் வாங்கியாவது தனியார் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது இன்னொரு வழி. அரசு நடத்தும் உறைவிடப் பள்ளிக்கு அனுப்புவது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். மகள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இதே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். அரசு விடுதியின் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அரசு இடத்தில் படிப்பு, சாப்பாடு, தங்கல் எதற்கும் காசில்லை. வீட்டிலிருந்து போனாலும் பஸ் பாஸ் இலவசம், மதியச் சத்துணவு உண்டு. தனியார் விடுதி என்றால் கட்டணத்துக்கு நகை அடகுக்கடைக்குப் போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அரசு விடுதி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகைகள் இருக்கின்றன. ஒன்று மாதிரிப் பள்ளி. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்க வைத்து, நீட், ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கும் சேர்த்துப் பயிற்சி தருவார்கள். 2021-ல் 10 மாவட்டங்களில் தொடங்கி இப்போது 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. மற்றொன்று நலத்துறை விடுதிகள். பிள்ளை அருகிலுள்ள ஏதாவது ஒரு பள்ளியில் படிக்கும், விடுதியில் தங்கும், சாப்பிடும். ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் என்று துறைவாரியாக இருந்த இந்த விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று அரசு பெயர் மாற்றியது. எங்கள் பகுதியில், கள்ளர் சமூகத்துப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்பு விடுதிகளும் உண்டு. என் அப்பா அப்படியொரு விடுதியில் தங்கித்தான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். அவர் கொண்டுபோன டிரங்குப் பெட்டியில்தான் இன்றைக்கும் அம்மா விதை அவரையைப் போட்டு வைத்திருக்கிறார். அதனால் பிள்ளையை விடுதிக்கு அனுப்புவது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. பெண் பிள்ளையை அனுப்புவதுதான் புதிது.

மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளி பற்றிக் கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் அந்தப் பள்ளி இல்லை. ராணுவத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கு ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும், கட்டணமும் உண்டு. எங்கள் கணக்கில் அது வரவில்லை.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது நேரம்.

மல்லிகையை மொட்டாகப் பறித்தால்தான் விலை. பங்குனி, சித்திரை, வைகாசியில் செடி கொட்டும். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் டார்ச்சை மாட்டிக்கொண்டு, இடுப்பில் மடி கட்டி இறங்கினால் ஆறு மணிக்குள் பறித்து முடிக்க வேண்டும். ஏழு மணிக்குள் உசிலம்பட்டி மார்க்கெட்டுக்குப் பூ போய்விட வேண்டும். தாமதித்தால் மொட்டு வாய் திறந்துவிடும், கமிஷன் கடைக்காரர் தொட்டுப் பார்த்தே விலையைக் குறைப்பார். கூலிக்கு ஆள் வைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதால் வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் பூக்காட்டில்தான். மகளும் ஐந்தாம் வகுப்பிலிருந்தே பறிக்கிறாள். நாங்கள் அவளை வற்புறுத்தியதில்லை. அப்பத்தா எழுந்து போகும்போது அவளும் எழுந்துவிடுவாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான்.

இதில் ஒரு பொல்லாத பொருத்தம் இருக்கிறது. பூ கொட்டுகிற பங்குனி, சித்திரையில்தான் ஆண்டுத் தேர்வு வருகிறது. பனிக்காலத்தில், பூ குறைந்து வேலையும் குறைந்திருக்கும்போது, தேர்வு எங்கோ இருக்கிறது. மூன்று வருடம் இதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எட்டாம் வகுப்புத் தேர்வு நாளில் அவள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். டார்ச் பட்டை அழுந்திய தடம் நெற்றியில் சிவப்பாக, புருவத்துக்கு மேல் ஒரு கோடாக இருந்தது. அவளுடைய அம்மா அதன்மேல் பவுடர் போட்டு மறைத்து அனுப்பினாள். மறைத்ததை நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த வாரமே அவளுடைய நாளைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பூப் பறிப்பு இரண்டு மணி நேரம். பஸ்ஸுக்கு நடப்பது, காத்திருப்பது, போய் வருவது எல்லாம் சேர்த்து இரண்டு மணி இருபது நிமிடம். மாட்டுக்குத் தண்ணீர், தம்பிக்குக் குளியல், பாத்திரம் என்று குறைந்தது ஒரு மணி. பள்ளி நேரம் போக ஐந்து மணி இருபது நிமிடம் வீட்டுக்கும் சாலைக்கும் போய்விட்டது. வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்தது முக்கால் மணி நேரம், அதிலும் பாதி தூக்கம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலை முக்கால் மணியில் யாரால் படிக்க முடியும்? பிள்ளைக்கு மூளை இருக்கிறது, ஆசிரியர்களும் அக்கறையானவர்கள். அவளிடம் இல்லாதது மணிக்கணக்குதான். அதை எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

ட்யூஷன் வைக்கலாமே என்று என் மைத்துனர் கேட்டார். ட்யூஷனுக்கும் நேரம் வேண்டுமே! வீட்டில் வேலை சொல்லாமல் இருக்கலாமே என்று ஆசிரியை ஒருவர் சொன்னார். அதையும் செய்து பார்த்தோம். நான்கு மணிக்கு எல்லோரும் எழுந்து போகிற வீட்டில், பதின்மூன்று வயதுப் பெண் மட்டும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்க மாட்டாள். இரண்டாவது நாளே வரப்பில் வந்து நின்றாள்.

அதனால் வீட்டிலிருந்து படிப்பது என்ற வழி எங்களுக்கு அடைபட்டது. அப்பா அம்மா அலுவலகம் போகிற வீட்டுக்கு, பள்ளி நடக்கிற தூரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறாக இருக்கும். அவர்கள் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்றுகூடச் சொல்வேன். பூ, பால், செங்கல், கட்டடம் என்று விடியலுக்கு முன் எழுகிற குடும்பங்களுக்குத்தான் நான் சொல்கிறேன்.

மாதிரிப் பள்ளியில் சேர்த்த மூன்றாவது வாரம் பார்க்கப் போனோம். சாப்பாடு எப்படி, படுக்கை எப்படி என்று அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று என் பக்கம் திரும்பி, “அப்பா, இங்கே ஐந்தரை மணிக்குத்தான் எழுப்புகிறார்கள்” என்றாள். ஏதோ பரிசு கிடைத்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். நான் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

இலவசம் என்று மேலே எழுதினேன். ஆனால் எங்களுக்கு அது முழு இலவசமும் இல்லை. அவளுடைய இரண்டு கைகள் பூக்காட்டிலிருந்து போய்விட்டன. சீசனில் கூலிக்கு ஒருவரை வைத்திருக்கிறோம். பக்கத்து ஊர் அக்கா ஒருவர், கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி வருகிறார். அந்தக் கூலிதான் நாங்கள் கட்டுகிற பள்ளிக் கட்டணம். விடுதிக்கு அனுப்ப நினைக்கும் குடும்பம் இந்தச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பூச் சீசனிலேயே “ஒரு வாரம் லீவு போட்டு வா” என்று கூப்பிடத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. கூப்பிடவில்லை.

சரி, நேரம்தான் காரணம் என்றால் தனியார் விடுதியும் அதைத் தருமே என்று கேட்கலாம். தரும். என் அண்ணன் மகன் பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தான். நல்ல மதிப்பெண் எடுத்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் சேர்க்கும்போது யாரும் அண்ணனுக்கு ஒன்றைச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்பதுதான் அடிப்படை. அண்ணன் மகன் பத்தாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில்தான் படித்தான். கடைசி இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டி வெளியே போனதில் அந்த வரிசை அறுந்துவிட்டது. நகைக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதிரிப் பள்ளியும் அரசுப் பள்ளி என்பதால் என் மகளுக்கு அந்த வரிசை தொடர்கிறது. தனியார் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள், குறிப்பாக ஒன்பதிலோ பதினொன்றிலோ மாற்றுபவர்கள், இதை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டண ரசீதில் கையெழுத்திடுங்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் மொத்தப் பங்காளிகளும் கூடியபோது அவள் இல்லை. அப்பத்தா பொங்கல் வைக்கும்போது ஓலை எடுத்துக் கொடுக்க ஆளில்லை என்று அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. தம்பி முதல் மாதம் அக்காவின் தலையணையை யாரையும் தொட விடவில்லை. அவளுக்கும் முதல் மாதம் இரவில் அழுகை வந்திருக்கிறது. அதைத் தன் அம்மாவிடம் ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னாள். பத்தாம் வகுப்பில் இருக்கிற பெண்ணோடு வீட்டில் உட்கார்ந்து பேசுகிற ஆண்டுகளை நாங்கள் இழக்கிறோம். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

எங்கள் அனுபவம் ஒன்றரை ஆண்டுதான். அதுவும் ஒரு பெண் பிள்ளையை வைத்து. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் எங்கே போய்ச் சேருகிறாள் என்று பார்த்த பிறகுதான் பயிற்சியைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆண் பிள்ளைகள் விடுதியைப் பற்றி என் அப்பா சொன்ன பழைய கதைகள்தான் என்னிடம் இருக்கின்றன.

ஆனால் அடுத்து மகன் இருக்கிறான். ஏழாம் வகுப்பு. படிப்பில் நடுத்தரம். மாதிரிப் பள்ளியில் தேர்வாவான் என்று நான் நம்பிக்கொண்டிருக்கவில்லை. அதனால் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியைப் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே சேர மதிப்பெண் தேவையில்லை. பெற்றோரின் வருமான வரம்பும், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே குறைந்தது 8 கிலோமீட்டர் தூரமும் வேண்டும். மாணவிகளுக்குத் தூர விதி கிடையாது. எங்கள் ஊரிலிருந்து பள்ளி 11 கிலோமீட்டர். பத்தாம் வகுப்புவரை நான்கு செட் சீருடையும் தருகிறார்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போகலாம் என்பதால் அப்பத்தாவும் இதற்குச் சம்மதம்.

போன மாதம் விடுதியைப் பார்க்கப் போனபோது பகல் பதினொரு மணி. பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில். பெருக்கிய கூடமும் அடுக்கிய பாய்களும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. காப்பாளரிடம் கேட்டு, வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மறுபடி போகிறேன். அந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா, விளக்கு எத்தனை எரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பத்தை நிரப்புவேன்.