மலையேற்றப் பொருள் கடையில் இரண்டரை வருடம்: வேலைக்குச் சேரலாமா?

கோவையில் ட்ரெக்கிங், கேம்பிங் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் இரண்டரை வருடம் விற்பனைப் பிரிவில் இருந்தேன், போன மாதம்தான் விலகினேன். அங்கே சேரலாமா என்று தெரிந்த பையன்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். கடையின் பெயர் வேண்டாம்.

ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிற மாதிரி வேலை என்று நினைத்துத்தான் போனேன். அப்படி இல்லை. இங்கே பாதி நேரம் தரையில் மண்டியிட்டு மற்றவர் காலைப் பார்த்துக்கொண்டிருப்போம், அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. ட்ரெக்கிங் ஷூவுக்குச் சாயங்காலம் அளவு பார்ப்பது நல்லது, ஏனென்றால் நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும், மலையிலும் அப்படித்தான் உப்பும். போடப்போகிற அதே தடித்த சாக்ஸோடு போட வேண்டும். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கடையில் ஒரு சரிவுப் பலகை இருக்கிறது, அதில் இறங்கச் சொல்வேன். விரல் நுனி முன்னால் போய் இடித்தால் அந்த ஷூ எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் நகம் கறுத்துப்போகும்.

ஒரு அம்மா வந்தார், அறுபது வயது இருக்கும், மகனுடைய பழைய 50 லிட்டர் பையை மாட்டிக்கொண்டு. தோள் வலி தாங்கவில்லை, வேறு நல்ல பையாகக் கொடு என்றார். தலையைக் குனியச் சொன்னேன். அப்படிக் குனிந்தால் கழுத்துக்குப் பின்னால் ஒரு எலும்பு துருத்தித் தெரியும், அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரைக்கும் டேப் வைத்து அளப்போம். ஆள் உயரமா குள்ளமா என்பது இதில் கணக்கே இல்லை, முதுகின் நீளம்தான் கணக்கு. அவருக்கு 41 சென்டிமீட்டர். பையின் முதுகுப் பட்டையோ மகன் அளவுக்கு மேலே ஏற்றி வைத்தபடியே இருந்தது. அதைக் கீழே இறக்கி, எட்டு கிலோ மணல் மூட்டையை உள்ளே வைத்து, இடுப்பு பெல்ட்டை முதலில் இறுக்கி, அதற்கப்புறம் தோள் பட்டையை இழுத்துவிட்டேன். கடைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தவர், "கனமே தெரியல கண்ணு" என்றார். அன்று அவருக்கு பில் எதுவும் போடவில்லை, எங்கள் மேலாளரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அந்தக் கடையை மனசாரப் பாராட்டுவேன்.

பொருள் பற்றிக் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று வெப்பநிலை போட்டிருக்கும், வருகிறவர்கள் நேராக அந்த எக்ஸ்ட்ரீம் எண்ணைத்தான் பார்ப்பார்கள். அது உயிர் தப்புவதற்கான எண், தூங்குவதற்கானது இல்லை. கம்ஃபர்ட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள் என்று தினமும் நாலு பேருக்காவது சொல்வேன். "இரண்டே தடவைதான் போட்டேன், சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது" என்று கோபத்தோடு ஷூவைத் தூக்கி வருகிறவர்களும் உண்டு. பாலியூரிதேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக் நுரையில் செய்த நடுசோல் காற்றில் உள்ள ஈரத்திலேயே மெல்ல மெல்ல மட்கும், போடாமல் பல வருடம் பெட்டியில் பூட்டி வைத்தாலும் மட்கும். இதைப் பொறுமையாக விளக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்குச் சரி.

பிப்ரவரியிலிருந்து மே வரை வெள்ளியங்கிரி சீசன். ஏழு மலையையும் வெறுங்காலில் ஏறுகிறவர்கள் நிறைய பேர், அவர்களுக்கு ஷூ விற்க முயற்சிக்கவே கூடாது. ராத்திரி ஏறுவதற்குத் தலையில் மாட்டுகிற ஹெட்லைட், இறங்கும்போது முட்டிக்குப் போடுகிற உறை, இது போதும். அந்த நாலு மாதமும் கடையில் நிற்க இடம் இருக்காது.

உட்காரவும் இடம் இருக்காது, அதுவும் வருடம் முழுக்க. என் பெரிய குறை இதுதான். ஒரு மணி நேர இடைவேளை போக ஒன்பது மணி நேரம் நின்றேயிருக்க வேண்டும். கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்திவிட்டன. எங்கள் தளத்தில் இருந்த நான்கு ஸ்டூலும் வாடிக்கையாளர் ஷூ போட்டுப் பார்ப்பதற்கு. ஆள் இல்லாத மதிய நேரத்தில் அதில் உட்கார்ந்ததற்கு என் கண் முன்னாலேயே ஒரு அக்காவைத் திட்டினார்கள். அவருக்கு அப்போதே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர் பாதத்தை அவ்வளவு கவனமாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த கடை, எங்கள் காலையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று, சனி ஞாயிறு விடுமுறையே கிடையாது, வாரவிடுமுறை செவ்வாய் அல்லது புதன். நண்பர்கள் மலைக்குப் போகிற நாளெல்லாம் நாம் கடையில் இருப்போம். ஊழியர் தள்ளுபடியில் ஆசையாக வாங்கிய டென்டை ஏழு மாதம் கழித்துத்தான் முதன்முதலாக விரித்தேன். சம்பளம் சுமார்தான், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்துக்கொண்டு ஒன்றாம் தேதி ஒழுங்காக வந்துவிடும்.

சேருகிறீர்கள் என்றால் நேர்காணலிலேயே ஊழியருக்கு உட்கார இடம் எங்கே என்று கேளுங்கள், முடிந்தால் காட்டவும் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது விடுவார்களா என்றும் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், சேர்ந்த முதல் வாரமே ஷூ பிரிவு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பில் கவுன்டரில் போட்டுவிட்டால் ஆறு மாதம் ஆனாலும் அங்கிருந்து நகர்த்த மாட்டார்கள்.