லேட்டக்ஸ் இல்லை என்று சொல்லி ரப்பர் பாலையே விற்றார்கள்

லேட்டக்ஸ், அதாவது ரப்பர் மரத்துப் பால், அலர்ஜியாக இருப்பவர்கள் கடலுக்கு அடியில் நீந்தப் போடும் ஸ்கூபா டைவிங் சூட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பதினாறாயிரம் ரூபாய் போனது. அதைவிட, கேரளத்துக் கோவளம் கடற்கரையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு உட்கார வேண்டி வந்தது.

நான் நர்ஸ். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம், வேலை திருவனந்தபுரத்தில். வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள்தான். அப்பா விடியும் முன்பே பால் வெட்டப் போவார், நானும் சின்ன வயதில் சிரட்டையில் ஒட்டுப்பால் பிய்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஒன்றும் ஆனதில்லை. வேலைக்குச் சேர்ந்து, பவுடர் போட்ட லேட்டக்ஸ் கையுறையை வருஷக்கணக்கில் மாட்டிய பிறகுதான் அலர்ஜி வந்தது. ரப்பர் பாலில் உள்ள புரதம் அந்தப் பவுடரில் ஒட்டிக்கொண்டு காற்றில் பறக்கும், மூச்சோடு உள்ளே போகும். அமெரிக்காவில் 2017 ஜனவரியில் அந்தக் கையுறைகளைத் தடையே செய்துவிட்டார்கள். எனக்கு ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. இப்போது வாழைப்பழம் தின்றாலும் நாக்கு அரிக்கும். இந்த அலர்ஜிக்காரர்கள் பலருக்கு வாழை, கிவி, அவகாடோ எல்லாம் ஒத்துக்கொள்ளாது.

டைவிங் படிக்க ரொம்ப நாள் ஆசை. வாடகை சூட்டுகளை எந்தப் பசை வைத்து ஒட்டியிருப்பார்களோ என்ற பயத்தில் சொந்தமாக ஒன்று வாங்கப் போனேன். கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்: "எனக்கு லேட்டக்ஸ் அலர்ஜி, பையில் அலர்ஜிக்கான அவசர ஊசி வைத்துக்கொண்டு நடக்கிறவள்." வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். "சேச்சி, இதில் லேட்டக்ஸ் ஒண்ணும் இல்ல. நியோபிரீன்கூட இல்ல, எல்லாம் நேச்சுரல்" என்று பதில் வந்தது. நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர்கூட இல்லை என்றதும், கெமிக்கல் இல்லாத நல்ல பொருள் என்று நம்பினேன்.

வீட்டில் பிரித்துக் காட்டியபோது அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "மக்ளே, இது நம்ம ரப்பர் ஷீட்டு மணம்லா அடிக்குது" என்றார். புது சூட் மணமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த மனிதர் நாற்பது வருஷம் ரப்பரோடு வாழ்ந்தவர்.

கோவளத்தில் சூட்டை மாட்டிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கழுத்தைச் சுற்றித் தடிப்பு, மணிக்கட்டில் அரிப்பு, அப்புறம் நெஞ்சில் விசில் சத்தம். பயிற்சியாளர் சூட்டைக் கிழிக்காத குறையாகக் கழற்றினார். அட்ரினலின் ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாயங்காலம்தான் சூட்டின் உள்பக்கத் தையலில் பொடி எழுத்தில் இருந்ததை என் தம்பி படித்துக் காட்டினான்: நேச்சுரல் ரப்பர்.

இது தண்ணீருக்குள் நடந்திருந்தால்? பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. மூச்சுக்குழல் சுருங்கி உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, மேலே ஏறும்போது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடலாம். இதை நினைத்துத்தான் எனக்கு இன்றும் தூக்கம் கெடுகிறது.

விஷயம் இதுதான். நியோபிரீன் என்பது தொழிற்சாலையில் செய்யும் செயற்கை ரப்பர். 1930இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது, மரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என்னைப்போல் புரத அலர்ஜி உள்ளவர்களுக்கு அதுதான் பொதுவாக ஒத்துக்கொள்ளும். இப்போது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி 'நியோபிரீன் ஃப்ரீ' சூட்டுகள் வருகின்றன. அவற்றில் பலவும் மரத்துப் பாலில் செய்தவை. புரதத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டதாகத் தயாரிப்பாளர்கள் சிலர் சொல்கிறார்கள். ஊசி வைத்திருக்கும் நிலையில் உள்ளவர்கள் அதை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம்.

நியோபிரீன் எல்லாருக்கும் சரி என்றும் சொல்ல மாட்டேன். அதில் சேர்க்கும் தயோயூரியா மாதிரி ரசாயனங்கள் சிலருக்கு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தோலில் புண்போல் வெடிக்கும். அது வேறு அலர்ஜி, தோலில் மருந்துப் பட்டை ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில்தான் தெரியும். உங்களுக்கு எது என்று தோல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். குளிர்ப் பிரதேசத்துக்கான, தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட்டில் உடம்பு வேறு துணியாக இருந்தாலும் கழுத்து, மணிக்கட்டுப் பட்டைகள் பல சமயம் லேட்டக்ஸாக இருக்கும், சிலிகான் பட்டை கேளுங்கள். நம் கடலுக்கு அது தேவையும் இல்லை, மெல்லிய சூட் போதும். மாஸ்க், வாயில் கடிக்கும் பகுதி, துடுப்புப் பட்டை, கையுறை, சூட்டை ஒட்டிய பசை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். "லேட்டக்ஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்காமல், "ரப்பர் மரத்துப் பால் எதிலாவது இருக்கா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புது சூட்டைக் கடற்கரையில் முதன்முதலாக மாட்டாதீர்கள்.

கடையில் பணம் திருப்பித் தரவில்லை. போட்ட சூட்டை எடுக்க மாட்டார்களாம். "லேட்டக்ஸ் வேற, நேச்சுரல் ரப்பர் வேற" என்று என்னிடமே வாதாடினார்கள். 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன், நகரவில்லை. கடை கேரளத்தில் இருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதனால் நாகர்கோவிலில் கொடுக்க மனு தயாராகிறது. வாட்ஸ்அப் பதில், பில், ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. சூட்டைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அப்பா ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைப்புரையில் வைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் போவதில்லை.